கண் அறுவை சிகிச்சைக்குப் பின் இல்லாத காட்சிகள் தெரிந்தால்: வீட்டார்க்கு ஒரு வழிகாட்டி

விழித்திரை விலகலுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய மூன்றாம் நாள் மாலை, கட்டிலில் குப்புறப் படுத்திருந்த என் அப்பா, தலையை நிமிர்த்தாமலே, "இந்தப் பாய் எப்ப வாங்கினது? பின்னல் ரொம்ப நெருக்கமா இருக்கே" என்று கேட்டார். கட்டிலடியில் பாய் எதுவும் இல்லை. ரெட் ஆக்ஸைடு பூசிய சிவப்புத் தரை மட்டுமே இருந்தது. விழித்திரையை ஒட்ட வைப்பதற்காக அறுவை நடந்த கண்ணுக்குள் வாயு நிரப்பி, அது சரியான இடத்தில் அழுத்தும்படி குப்புறப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். வாயு இருந்ததால் அந்தக் கண்ணில் கையசைப்பு மட்டும்தான் தெரிந்தது. மற்றக் கண்ணின் பார்வையைக் கண் நீர் அழுத்த நோய் பல ஆண்டுகளுக்கு முன்பே பறித்துவிட்டது. தரையின் நிறத்தையே சரியாகப் பார்க்க முடியாத மனிதர், இல்லாத பாயின் பின்னலை இழை இழையாக விவரித்தார். மறுநாள் அந்தப் பாயின் மேல் பட்டுப்பாவாடை கட்டிய, விரல் உயரமே இருந்த சிறுமிகள் வரிசையாக நடந்து போனதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. இரண்டு நாள் கழித்து அம்மா விடாமல் கேட்ட பிறகுதான், "புத்தி பிசகிடுச்சுன்னு நினைச்சுப்பீங்கன்னு சொல்லல" என்றார்.

அந்த இரண்டு நாள் மௌனம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. மருத்துவமனையிலிருந்து கொடுத்தனுப்பிய தாளில் தலைக்குக் குளிப்பது பற்றியும் சொட்டு மருந்து பற்றியும் விரிவாக எழுதியிருந்தார்கள். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்படி நேரக்கூடும் என்று முன்பே தெரிந்திருந்தால் அவர் அந்த இரண்டு இரவும் தூங்கியிருப்பார். கண் அறுவைக்குப் பின் சில நாளோ சில வாரமோ பார்வை மங்கியிருக்கப் போகும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இங்கே சொல்வதை அறுவைக்கு முன்பே படித்துவிடுங்கள்.

ஏன் தெரிகிறது

இது பழைய நோய்; இதற்குப் பெயரும் உண்டு. ஜெனீவாவில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற சார்ல் லுல்லன் என்ற முதியவருக்கு இரு கண்ணிலும் கண்புரை அறுவை நடந்திருந்தது; பின்னர் பார்வை மீண்டும் மங்கி, தொண்ணூறு வயதை நெருங்கிய காலத்தில், ஆண்களும் பெண்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் அவர் கண்முன் தோன்றி மறைந்தன. நான்கு மூலையிலும் மஞ்சள் வட்டம் கொண்ட ஒரு நீலக் கைக்குட்டைகூட அவருக்குத் தெரிந்ததாகக் குறிப்பு உள்ளது. அவர் மனம் தெளிவாக இருந்தது. அவை உண்மையல்ல என்று அவருக்கே தெரிந்திருந்தது. அவருடைய பேரனான இயற்கை அறிஞர் சார்ல் பொனே இதை 1760-இல் பதிவு செய்தார். 1936-இல் மருத்துவர் ஜார்ஜ் தெ மோர்சியே அந்தப் பேரனின் பெயரையே இதற்குச் சூட்டினார். இன்று கண் மருத்துவர்கள் சார்ல்ஸ் பொனே நோய்க்குறி என்று சொல்வது இதைத்தான்.

பார்ப்பது கண் மட்டும் அன்று. பின்தலைப் பகுதியில் இருக்கும் மூளையின் பார்வைப் புறணியும் சேர்ந்துதான் பார்க்கிறது. கண்ணிலிருந்து வர வேண்டிய செய்தி திடீரென்று குறைந்துவிட்டால், அந்தப் புறணி சும்மா இருப்பதில்லை. தானாகவே கிளர்ந்து, வடிவங்களையும் முகங்களையும் உருவாக்கத் தொடங்குகிறது. காலை இழந்தவருக்கு இல்லாத பாதத்தில் அரிப்பெடுப்பது போன்றதே இதுவும். 1998-இல் லண்டன் ஆய்வாளர்கள் இத்தகைய நோயாளிகளை மூளை ஸ்கேன் கருவிக்குள் வைத்துப் பார்த்தபோது, நிறங்கள் தெரிந்தவருக்கு நிறத்தை அறியும் பகுதியும், முகங்கள் தெரிந்தவருக்கு முகத்தை அறியும் பகுதியும் அந்த நேரத்தில் இயங்கின. கற்பனை செய்து சொல்கிறார் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. மூளைக்குள் அது உண்மையாகவே நடக்கிறது.

கண் கெடவே வேண்டும் என்பதும் இல்லை. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல பார்வையுள்ள 13 பேரின் கண்களை 5 நாள் தொடர்ந்து கட்டி வைத்தார்கள். அவர்களில் 10 பேருக்கு மாயக்காட்சிகள் தெரிந்தன, பெரும்பாலோர்க்கு முதல் நாள் கழிந்தவுடனேயே. கட்டவிழ்த்த பின் அவை நின்றுபோயின. பார்வை தற்காலிகமாக மறைந்தாலே போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அறுவைக்கு முன் செய்ய வேண்டியவை

முதலில், யாருக்கு இது வரக்கூடும் என்று கணித்துக்கொள்ளுங்கள். ஒரு கண் நன்றாகத் தெரியும்போது மற்றக் கண்ணுக்குக் கட்டுப் போட்டால் பெரும்பாலும் எதுவும் நேராது. இரண்டாம் கண் முன்பே கெட்டவர், கண்ணுக்குள் வாயுவோ எண்ணெயோ நிரப்பப்படுபவர், வயது முதிர்ந்தவர், பகலின் பெரும்பகுதியைத் தனியாகக் கழிப்பவர் ஆகியோரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. எவ்வளவு நாள் பார்வை மங்கியிருக்கும் என்பதை அறுவை செய்யும் மருத்துவரிடமே கேளுங்கள். காற்று மட்டும் நிரப்பினால் ஏறத்தாழ ஒரு வாரம். வாயு நிரப்பினால் அதன் வகையைப் பொறுத்து 2 முதல் 8 வாரம் வரை ஆகலாம்.

நோயாளியிடம் சொல்லும்போது சுற்றி வளைக்க வேண்டாம். "கண்ணு தெளியற வரைக்கும் கோலம் மாதிரியோ மனுஷங்க மாதிரியோ ஏதாவது தெரியலாம்ப்பா. நிறைய பேருக்கு வரும். வந்தா உடனே எங்ககிட்ட சொல்லுங்க, பயப்பட வேண்டாம்" என்ற அளவில் சொன்னால் போதும். சொல்லி வைத்தால் அதுவே மனத்தில் பதிந்து காட்சிகளை வரவழைத்துவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். என் அப்பாவிடம் யாரும் எதையும் சொல்லி வைக்கவில்லை, அவருக்கு வந்தது. முன்கூட்டிச் சொல்வதால் தவிர்க்க முடிவது காட்சியை அன்று, அச்சத்தை. அந்த அச்சம்தான் மனிதரை வாட்டுகிறது.

மருத்துவரிடமும் நீங்கள் மறைக்கக் கூடாத செய்திகள் சில உண்டு: நினைவு மறதி, பார்க்கின்சன் நோய், சிறுநீரகக் கோளாறு, தூக்க மாத்திரைப் பழக்கம், மதுப்பழக்கம். கடைசியாகச் சொன்னதைக் குடும்ப மானம் கருதி மறைப்பவர்கள் ஏராளம். அன்றாடம் குடித்தவர் அறுவைக்காகத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, உடம்பில் பூச்சி ஊர்வதாகத் தோன்றக்கூடும். அது பொனே நோய்க்குறி அன்று. உயிருக்கே ஆபத்தான நிலை.

முதல் முறை தெரிந்தவுடன் கேட்க வேண்டியவை

அமர்ந்து, அவசரப்படாமல், ஒவ்வொன்றாகக் கேளுங்கள். என்ன தெரிகிறது? அது பேசுகிறதா, ஓசை எழுப்புகிறதா? அது உண்மையில் இருப்பதாக நினைக்கிறீர்களா? கண்ணை மூடினால் போய்விடுகிறதா? பொனே நோய்க்குறியில் தெரிபவை ஊமைக் காட்சிகள். வாசனையோ தொடு உணர்வோ அவற்றோடு வராது. செங்கல் அடுக்கு, வலை, பின்னல் போன்ற வடிவங்கள், விசித்திரமான உடை அணிந்த சிறு உருவங்கள், பல்லும் கண்ணும் துருத்திய முகங்கள், விலங்குகள், கட்டடங்கள் ஆகியவை வரலாம். மங்கலான கண்ணுக்கு அவை மட்டும் துல்லியமாகத் தெரியும். பொதுவாகக் கண் திறந்திருக்கும்போது வரும், மூடினால் மறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பவருக்கு அது உண்மையல்ல என்பது தெரிந்திருக்கும், அல்லது எடுத்துச் சொன்னவுடன் புரிந்துவிடும். முதல் முறை என் அப்பா ஏமாந்தது போல யாரும் ஏமாறலாம். கையால் தடவிப் பார்த்துத் தரைதான் என்று தெரிந்தவுடன் ஒப்புக்கொள்கிறாரா என்பதே முக்கியம்.

அடுத்ததாக, மனம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்று என்ன கிழமை, எந்த இடத்தில் இருக்கிறோம், என்ன அறுவை நடந்தது என்று கேளுங்கள். பிறகு வாரத்தின் நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன் என்று. வழக்கமாக இதைச் சொல்லக்கூடியவர் இரண்டு நாளைச் சொல்லிவிட்டு மூன்றாவதில் தடுமாறி வேறெதையோ பேசத் தொடங்கினால், அவர் கவனம் சிதறுகிறது என்று பொருள். மனக்குழப்ப நிலையின் முதல் அடையாளம் அதுதான். காலையில் தெளிவாக இருந்து பொழுது சாய்ந்ததும் குழம்புவது, இரவெல்லாம் விழித்துப் பகலில் மயங்கித் தூங்குவது, கட்டை அவிழ்க்க முயல்வது ஆகியவையும் அதன் அடையாளங்களே.

கண்புரை அறுவைக்குப் பின் இரு கண்ணையும் கட்டி, தலை அசையாதபடி இருபுறமும் மணல் மூட்டை வைத்துப் படுக்க வைத்த காலம் ஒன்று இருந்தது. அப்படிப் படுத்திருந்தவர்கள் இரவில் குழம்பிக் கட்டைப் பிய்த்தெறிந்ததைக் கண் மருத்துவர்கள் அடிக்கடி கண்டார்கள். பாஸ்டன் நகர மருத்துவர்களான ஏவரி வைஸ்மனும் தாமஸ் ஹாக்கெட்டும் 1958-இல் இதைக் கறுப்புக் கட்டுக் குழப்பம் என்ற பொருள்படும் பெயரில் எழுதினார்கள். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையிலான உறவே இதைத் தடுக்கவும் தணிக்கவும் உதவும் என்பது அவர்கள் கண்டது. இன்று அந்த மணல் மூட்டைகள் இல்லை. ஆனால் வாரக்கணக்கில் குப்புறப் படுத்திருக்கும் நோயாளியின் நிலை அதிலிருந்து வெகு தொலைவில் இல்லை என்பதை நான் அருகிருந்து பார்த்தேன்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

கண்ணின் ஆபத்து, மூளையின் ஆபத்து என இரண்டையும் தனித்தனியே நினைவில் வையுங்கள். கண்ணில் வலி கூடுவது, சிவப்பு அதிகரிப்பது, சீழ் வடிவது, இருந்த பார்வையும் குறைவது ஆகியவை கண்ணுக்குள் தொற்று ஏற்பட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஓரத்தில் மின்னல் போல் ஒளி வெட்டுவது, கரும்புள்ளிகள் திடீரென்று மழை போல் கொட்டுவது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போல் தெரிவது ஆகியவை விழித்திரை கிழிந்ததையோ மீண்டும் விலகியதையோ காட்டலாம். இவற்றையெல்லாம் "மாயக்காட்சிதான், டாக்டரே சொல்லியிருக்கார்" என்று வீட்டில் வைத்துக்கொள்வதுதான் இந்த அறிவை அரைகுறையாகப் பெறுவதால் வரக்கூடிய பெரிய கேடு.

முகம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், வலிப்பு, காய்ச்சலோடு கூடிய பிதற்றல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கண் மருத்துவமனைக்கு அல்ல, அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள பொது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காட்சிகள் கட்டளையிடுவதாகவோ தன்னைக் கொல்ல வருவதாகவோ நோயாளி உறுதியாக நம்பினாலும் அவ்வாறே.

நேர் எதிராக, பயப்படத் தேவையில்லாத சிலவும் உண்டு. கண்ணுக்குள் வாயு இருப்பவருக்கு, அது குறையக் குறைய, ரசமட்டத்தில் ஆடும் குமிழியைப் போல ஒரு வளைந்த கோடு தெரியும். தலை அசைந்தால் அதுவும் அசையும். கண்புரை நீக்கியவருக்குச் சில நாள் எல்லாம் சற்று நீலமாகத் தெரியலாம், ஓரத்தில் ஒளிப்பிறையோ நிழலோ தெரியலாம். இவை கண்ணிலேயே உருவாகும் தோற்றங்கள். மூளை படைத்த காட்சிகள் அல்ல. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சொன்னால் போதும்.

மருந்துச் சீட்டைப் பாருங்கள்

கண்ணில் விடும் சொட்டு மருந்து கண்ணோடு நின்றுவிடும் என்று நாம் நினைக்கிறோம். அது கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கி இரத்தத்தில் கலக்கிறது. பாப்பாவை விரிக்க அறுவைக்குப் பின் கொடுக்கப்படும் அட்ரோபின், ஹோமட்ரோபின், சைக்ளோபென்டோலேட் ஆகிய சொட்டுகள் முதியவர்களிடமும் குழந்தைகளிடமும் குழப்பத்தையும் மாயக்காட்சிகளையும் உண்டாக்கக்கூடியவை. வாய் வறண்டு, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சிறுநீர் அடைத்துக்கொண்டு, காற்றில் எதையோ பிடிக்க முயல்வதுபோல் கை அலைந்தால் இந்த மருந்துகளையே முதலில் ஐயப்பட வேண்டும். கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரிமோனிடின் சொட்டு முதியவர்களுக்கு அசதியையும் சில வேளைகளில் மாயக்காட்சியையும் தரலாம். அசெட்டசோலமைடு மாத்திரை, சிறுநீரகம் பழுதானவர்களைக் குழப்ப நிலைக்குத் தள்ளலாம். அதிக அளவு ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுத்து மனநிலையை மாற்றும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் இந்தப் பட்டியலில் சேரும்.

இவற்றுள் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அறுவை செய்த கண்ணைக் காப்பாற்றுவதே இந்த மருந்துகள்தாம். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போன் செய்து, எந்த மணிக்கு எந்தச் சொட்டு விட்டோம், எந்த மணிக்குக் காட்சி வந்தது என்று சொல்லுங்கள். சொட்டு விட்ட பின் இமையை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரல் நுனியால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து இரத்தத்தில் கலப்பது குறையும். கண்மணியின் மேல் விரல் படக்கூடாது என்பதால், செவிலியரை ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்ட பிறகே வீட்டில் செய்யுங்கள்.

முதியவர்கள் குழம்பினால் கண்ணுக்குத் தொடர்பில்லாத காரணங்களையும் தேட வேண்டும். உப்பு குறைந்துபோவது, அதாவது இரத்தத்தில் சோடியம் இறங்குவது, சிறுநீர்த் தொற்று, நாலைந்து நாள் மலச்சிக்கல், சர்க்கரை தாழ்வது ஆகிய எதுவும் காரணமாகலாம். ஒரு இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் இவற்றில் பலவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காட்சி வரும்போது செய்யக்கூடியவை

அரையிருட்டும் சும்மா இருப்பதும்தான் இந்தக் காட்சிகளுக்கு உகந்த நேரம். நாங்கள் ஒரு நோட்டில் நேரம், வெளிச்சம், என்ன தெரிந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று குறித்து வந்தோம். ஒரு வாரம் ஆனதும் பார்த்தால், பெரும்பாலானவை மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில், விளக்குப் போட மறந்த வேளையில் வந்திருந்தன. அதன் பிறகு ஐந்தரைக்கே விளக்கைப் போட்டுவிடுவது வழக்கமாயிற்று. காட்சிகள் பாதியாகக் குறைந்தன. அறை இருட்டாக இருந்தால் விளக்கைப் போடுங்கள், வெளிச்சம் கூசினால் சற்றுக் குறையுங்கள். வெளிச்சம் மாறும் கணத்தில் காட்சி கலைவது உண்டு.

தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை வீதம் 15 முதல் 30 நொடி வரை நகர்த்துவது பலருக்குக் காட்சியைக் கலைக்கிறது. ஆனால் அறுவை நடந்த முதல் சில நாட்களில் இதைச் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்ட பின்பே தொடங்குங்கள். சிமிட்டுவது, காட்சியையே நேராக உற்றுப் பார்ப்பது, அதை நோக்கிக் கையை நீட்டித் தொட முயல்வது ஆகியவையும் பயன் தருகின்றன. கண்ணைக் கசக்கக் கூடாது. இறுக்கி மூடவும் கூடாது. இல்லாத படியையோ இல்லாத ஆளையோ தவிர்க்க விலகி நோயாளி தடுமாறி விழுவது உண்டு. எழுந்து நடக்கும்போது ஒருவர் உடனிருங்கள்.

பார்வைப் புறணிக்கு வேலை இல்லாத நேரத்தில் மனத்துக்கு வேறு வேலை கொடுப்பதும் உதவும். வானொலி, பேச்சு, பூ கட்டுவது, வெந்தயக் கீரை ஆய்வது போன்று கையும் காதும் ஈடுபடும் எதுவும் நல்லது. என் அப்பாவுக்குக் குப்புறப் படுத்தபடியே உளுந்தில் கல் பொறுக்குவதுபோல் விரலால் தடவிப் பிரிக்கும் வேலை பிடித்திருந்தது. நல்ல தூக்கமும் வேண்டும். அசதியான நாட்களில் காட்சிகள் கூடும்.

வீட்டாரும் அக்கம்பக்கமும்

தெரிவதாகச் சொல்பவரிடம் "அப்படி ஒண்ணும் இல்ல, சும்மா இருங்க" என்று மறுத்துப் பேசாதீர்கள். "ஆமா, எனக்கும் தெரியுது" என்று பொய்யும் சொல்லாதீர்கள். "எனக்குத் தெரியலப்பா. ஆனா உங்களுக்குத் தெரியுதுங்கறது நிஜம். கண்ணு தெளிஞ்சா போயிடும்" என்பதே உண்மையும் ஆறுதலுமான பதில். குழந்தைகளிடமும் இதையே சொல்லி வையுங்கள், தாத்தாவைச் சுற்றி நின்று "இப்ப என்ன தெரியுது?" என்று விளையாட்டாகக் கேட்பது அவரை நோகடிக்கும்.

செய்தி வெளியே தெரிந்தால் காத்துக் கருப்பு என்றும் இறந்தவர்கள் அழைக்கிறார்கள் என்றும் சொல்ல நாலு பேர் வருவார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள் என்றாலும், இறந்த மனைவியோ அண்ணனோ கூப்பிடுவதாக நம்பத் தொடங்கிய முதியவர் சாப்பாட்டை நிறுத்திவிடுவார். யாரோ சொல்லித் திருநீறு பூசுவது அவருக்கு மன அமைதி தருமானால் நெற்றியில் நீங்களே மெல்ல இடுங்கள். ஆனால் முகத்தில் திருநீற்றை ஊதுவது, வேப்பிலையால் முகத்தில் அடிப்பது, தீர்த்தம் தெளிப்பது, சாம்பிராணிப் புகை போடுவது ஆகியவற்றை அறுவை நடந்த கண்ணருகே ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ஆறாத காயத்துக்குள் கிருமி போனால் கண்ணே போய்விடும். மனம் மாறட்டும் என்று ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ அழைத்துச் செல்வதும், விமானத்தில் ஏற்றுவதும் கண்ணுக்குள் வாயு உள்ளவருக்குக் கூடவே கூடாது. உயரம் ஏற ஏற அந்த வாயு விரிந்து, கண் அழுத்தம் கூடி, மீட்ட பார்வை ஒரே நாளில் பறிபோகலாம்.

எத்தனை நாள்

பார்வை மீள மீளக் காட்சிகள் குறையும். வாயு நிரப்பிய கண்ணில் முதலில் மேல்பகுதி தெளியும். தெளிந்த பகுதிக்கும் மங்கிய பகுதிக்கும் இடையிலுள்ள கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கும். என் அப்பாவுக்கு அந்தக் கோட்டுக்கு மேலே எதுவும் வரவில்லை. பாயும் சிறுமிகளும் கோட்டுக்குக் கீழேயே இருந்தார்கள். ஐந்தாம் வாரம் கோடு ஒரு சிறு வட்டமாகச் சுருங்கியபோது பின்னல் மட்டும் மிஞ்சியிருந்தது. வட்டம் கரைந்த அன்று அதுவும் இல்லை. இதற்கென்று அவர் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை. பெரும்பாலோர்க்கு அது தேவைப்படுவதும் இல்லை.

அறுவை எதிர்பார்த்த பலனைத் தராமல் பார்வை மங்கலாகவே நின்றுவிட்டால், காட்சிகள் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூடத் தொடரலாம் என்பதை நோயாளியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பழகப் பழக அவற்றின் வேகமும் அவை தரும் திடுக்கிடலும் குறைந்துவிடுவதே வழக்கம். மாறாக, பார்வை நன்றாகத் திரும்பிய பின்பும் வாரக்கணக்கில் உருவங்கள் தெரிந்தால், அல்லது அவை உண்மை என்று அவர் நம்பத் தொடங்கினால், காரணம் கண்ணில் இருக்க வாய்ப்புக் குறைவு. அப்போது அந்த நோட்டையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நடை தளர்வு, கை நடுக்கம், மறதி ஆகியவை இருந்தால் அவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.